மில்க்வீட் விதை முளைக்கவில்லை: மொனார்க் வண்ணத்துப்பூச்சிக்காக வீட்டுத் தோட்டத்தில் என்ன செய்யலாம்?

முற்றத்துமல்லிகை | ஏப்ரல் 6

அனைவருக்கும் வணக்கம். ஒன்ராறியோவில் எங்கள் வீட்டின் பின்புறத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில், நாள் முழுவதும் வெயில் படுகின்ற பாத்தி ஒன்று இருக்கிறது. மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு மில்க்வீட் இலையைத் தவிர வேறெதையும் தின்று வளராது என்று மகளின் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அன்று மாலையே அவள் பிடிவாதமாகக் கேட்டதனால், சென்ற ஆண்டு மே மாதக் கடைசியில் ஒரு விதைப் பொதி வாங்கி அந்தப் பாத்தியில் ஊன்றினேன். ஜூன் முழுவதும் ஒரு நாள்கூடத் தவறாமல் நீர் ஊற்றினேன். ஐம்பதுக்கு மேற்பட்ட விதைகளில் முளைத்தவை இரண்டே இரண்டு. ஒன்றை நத்தை தின்றுவிட்டது. மற்றையது ஒரு சாண் உயரம் வளர்ந்து, இலையுதிர் காலத்தில் தண்டோடு காய்ந்து போனது.

விதை பழையதாக இருந்திருக்குமோ, எங்கள் களிமண் அதற்கு ஒத்துவரவில்லையோ, அல்லது நான்தான் ஏதேனும் தவறு செய்தேனோ என்று தெரியவில்லை. புதிய பொதி ஒன்று கையில் இருக்கிறது. இம்முறையும் வீணாக்க மனம் வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

வேரடிமண் | ஏப்ரல் 6

வணக்கம் தங்கச்சி. நான் பதினாறு ஆண்டுகளாக இச்செடிகளை வளர்த்து வருகிறேன். முதல் ஆண்டில் எனக்கும் இதுவேதான் நடந்தது. விதையிலும் குறையில்லை, மண்ணிலும் குறையில்லை. விதைக்கு ஒரு குளிர்காலம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்நாட்டு மில்க்வீட் இலையுதிர் காலத்தில் காய் வெடித்து விதையைப் பறக்க விடுகிறது. அந்த விதை மண்ணில் விழுந்தவுடனே முளைத்துவிட்டால், இரண்டு இலை விடுவதற்குள் உறைபனி வந்து அதைக் கொன்றுவிடும். ஆகவே முளைப்பதைத் தடுக்கும் ஓர் உறக்கம் விதைக்குள்ளேயே அமைந்திருக்கிறது. ஈரமும் குளிரும் சேர்ந்து பல வாரங்கள் நீடித்த பிறகுதான் அந்த உறக்கம் கலையும். ஈரமில்லாத வெறும் குளிரும் போதாது, குளிரில்லாத வெறும் ஈரமும் போதாது. நீங்கள் ஜூன் மாதத்தில் ஊற்றிய நீரையெல்லாம் அந்த விதைகள் தூக்கத்திலேயே குடித்திருக்கும்.

இப்போது செய்ய வேண்டியது இது. சமையலறையில் கை துடைக்கும் தாள் ஒன்றை நனைத்து, நீர் சொட்டாதவரை பிழிந்துவிட்டு, அதன் பாதியில் விதைகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்புங்கள். மறுபாதியை மடித்து மூடி, ஒரு சிப்லாக் பைக்குள் இட்டு, தேதியை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். உறைய வைக்கும் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. நான்கு பாகை செல்சியஸ் அளவு போதும். குறைந்தது முப்பது நாள், முடிந்தால் ஆறு வாரம் இருக்கட்டும். வாரம் ஒரு முறை திறந்து பாருங்கள். தாள் காய்ந்திருந்தால் சில துளி நீர் தெளியுங்கள், பூஞ்சணம் பிடித்திருந்தால் விதையைக் கழுவிப் புதிய தாளில் மாற்றுங்கள். இன்று வைத்தால் மே நடுவில் எடுக்கலாம். அதற்குள் உங்கள் பக்கத்தில் உறைபனி அபாயமும் பெரும்பாலும் நீங்கியிருக்கும். பிறகு அரைச் சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான ஆழத்தில் ஊன்றி, மேல்மண் காயாமல் பார்த்துக்கொண்டால், மண் சூடாக இருக்கும் நிலையில் ஒன்று முதல் இரண்டு வாரத்துக்குள் முளை தெரியும்.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு ஊன்றிய விதைகள் செத்துவிட்டன என்று நினைத்து அந்தப் பாத்தியைக் கொத்திக் கிளறிவிடாதீர்கள். அவை இப்போதுதான் ஈர மண்ணுக்குள் ஒரு முழுக் குளிர்காலத்தையும் கழித்திருக்கின்றன. காய்ந்துபோனதாக நீங்கள் சொன்ன அந்த ஒற்றைச் செடியின் வேரும் உயிரோடிருக்கக்கூடும். மேலே தண்டு மடிந்து, வேரிலிருந்து மறுபடி தளிர்ப்பதே இச்செடியின் இயல்பு. ஆனால் மற்றச் செடிகளெல்லாம் பச்சையான பிறகுதான், மே மாதம் வெகுவாகக் கடந்துதான், அது தலை காட்டும். பலர் அதற்குள் பொறுமையிழந்து பிடுங்கிவிடுகிறார்கள்.

ஓரிலை | ஏப்ரல் 7

ஐயா, இதையொட்டி எனக்கும் ஒரு கேள்வி. சென்ற கோடையில் செம்மஞ்சள் பூப் பூக்கும் மில்க்வீட் ஒன்றின் விதையை எந்தக் குளிரும் காட்டாமல் நேரே தொட்டியில் இட்டேன்; பத்து நாளில் அத்தனையும் முளைத்துவிட்டன. அப்படியானால் எல்லா வகைக்கும் குளிர் தேவையில்லையா? கிள்ளினால் பால் வடிவதைப் பார்த்தபோது நம் எருக்குத்தான் நினைவுக்கு வந்தது. எருக்கின் இலையிலும் வரிவரியான புழுக்களைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன்.

வேரடிமண் | ஏப்ரல் 7

நினைவுக்கு வந்தது சரியான உறவுதான், தம்பி. எருக்கும் மில்க்வீட்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. எருக்கில் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் வெந்தய வரியனின் புழுவாக இருக்கும்; அதுவும் மொனார்க்கும் டானாஸ் என்ற ஒரே பேரினத்தில் அடங்குபவை. பாலில் உள்ள நஞ்சை உண்டு தன் உடலில் சேர்த்து வைத்து, தன்னைத் தின்னும் பறவையை வாந்தியெடுக்க வைக்கின்ற அதே உத்தியை இரண்டும் கையாளுகின்றன. 1960களில் லிங்கன் பிரவர் என்ற அறிவியலாளர் கூண்டில் வளர்த்த நீல ஜே பறவைகளுக்கு மொனார்க்குகளைக் கொடுத்துப் பார்த்தார். ஒரு முறை தின்று வாந்தியெடுத்த பறவை அதன் பிறகு அந்த நிறத்தைக் கண்டாலே ஒதுங்கியது.

உங்கள் தொட்டியில் முளைத்தது வெப்பமண்டல மில்க்வீட். தாவரவியற் பெயர் அஸ்கிளெபியஸ் குராசாவிக்கா. மெக்சிகோவிலும் அதற்குத் தெற்கிலும் வளர்வது. குளிர்காலத்தை அறியாத நாட்டில் பிறந்ததனால் அதன் விதைக்கு உறக்கம் தேவைப்படவில்லை. அதனை நான் பரிந்துரைப்பதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அது குளிர்காலத்திலும் பச்சையாகவே நிற்பதனால், சில மொனார்க்குகள் குளிர்காலத்தைக் கழிக்க மெக்சிகோவுக்குப் போகும் பயணத்தை விட்டுவிட்டு அங்கேயே தங்கிப் பெருகுகின்றன. இலைகளும் உதிராததனால், ஓஈ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஓர் ஒட்டுண்ணியின் வித்துகள் அதன் மேல் சேர்ந்துகொண்டே போகின்றன. அவற்றைத் தின்னும் புழுக்களில் பல, கூட்டிலிருந்து சிறகு சுருண்டே வெளிவருகின்றன. ஒன்ராறியோவில் முதல் உறைபனியோடு அந்தச் செடி மடிந்துவிடுகிறது என்பதனால் இங்கே ஆபத்துக் குறைவுதான். ஆயினும் இந்த மண்ணுக்கே உரிய, ஆண்டுதோறும் தானே தளிர்க்கின்ற வகைகள் கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது அது எதற்கு?

இங்கே எளிதில் கிடைப்பவை மூன்று. சாதாரண மில்க்வீட் என்னும் அஸ்கிளெபியஸ் சிரியாக்கா அகன்ற இலையுடையது, மொனார்க் மிகவும் விரும்புவது. ஆனால் நிலத்தடித் தண்டு ஓடி, நீங்கள் நினைக்காத இடத்திலெல்லாம் முளைக்கும். (சிரியாவுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை, எங்கிருந்து வந்ததென்று தவறாக எண்ணி லின்னேயஸ் அந்தப் பெயரை வைத்துவிட்டார்.) சதுப்பு மில்க்வீட் என்னும் அஸ்கிளெபியஸ் இன்கார்னாட்டா ஒரே இடத்தில் தூராக நிற்கும், இளஞ்சிவப்பாகப் பூக்கும், ஈரக் களிமண்ணில் நன்றாக வரும். அஸ்கிளெபியஸ் டியூபரோசா ஆரஞ்சு நிறப் பூவுடையது, மணற்பாங்கான வறண்ட மண்ணை விரும்புவது. ஆழமான ஆணிவேர் விடுவதனால் ஒரு முறை ஊன்றிய பிறகு இடம் மாற்றக் கூடாது. தங்கச்சியின் பாத்தி களிமண் என்றபடியால் சதுப்பு வகையையே சொல்வேன். கையிலிருக்கும் பொதியில் எந்த வகை என்று பார்த்துச் சொல்லுங்கள்.

முற்றத்துமல்லிகை | ஏப்ரல் 7

மிகவும் நன்றி அண்ணா. புதிய பொதியில் சதுப்பு வகை என்றுதான் எழுதியிருக்கிறது; சென்ற ஆண்டினது சாதாரண வகை. இன்றிரவே தாளில் மடித்து வைத்துவிட்டேன். பாத்தியில் மண்வெட்டியை வைக்க மாட்டேன் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது.

கோடைநிலா | ஏப்ரல் 9

விதைக்காகக் காத்திருக்க முடியாமல் வளர்ந்த செடியையே வாங்கிவிடலாம் என்று நினைப்பவர்களுக்காக என் அனுபவத்தைச் சொல்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன், செடி விற்கும் ஓரிடத்தில் செழிப்பான சதுப்பு மில்க்வீட் நான்கு வாங்கி நட்டேன். இலையில் ஒரு கடியோ ஒரு புள்ளியோ இல்லை; அந்த அழகைப் பார்த்துத்தான் வாங்கினேன். ஜூலையில் பதினொரு புழுக்களை எண்ணினேன். ஒரு காலையில் போய்ப் பார்த்தபோது, இலையின் விளிம்பைப் பிடித்தபடி உடல் துடித்துக்கொண்டிருந்தவை சில, பச்சை நீரைக் கக்கிவிட்டுத் தண்டின் அடியில் சுருண்டு கிடந்தவை சில. மறுநாள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. விற்ற இடத்தில் திரும்பிச் சென்று கேட்டபோதுதான், நாற்றுப் பருவத்தில் செடி முழுவதும் ஊடுருவும் பூச்சிகொல்லி இடப்பட்டிருந்ததைச் சொன்னார்கள். நியோநிக்கோட்டினாய்டு வகை மருந்து செடியின் சாற்றோடு கலந்து இலை, பூந்தேன், மகரந்தம் என எல்லாவற்றிலும் பரவி நிற்கும், கழுவினாலும் போகாது.

என் கையாலேயே அவற்றுக்கு நஞ்சு வைத்தது போன்ற வேதனை இன்னமும் இருக்கிறது. எனவே செடி வாங்கும்போது, பூச்சிகொல்லி இடப்பட்டதா என்பதை வாய்விட்டுக் கேளுங்கள். தெளிவான பதில் கிடைக்காவிட்டால் வாங்காதீர்கள். இலையில் இரண்டு மூன்று ஓட்டை இருக்கும் செடியே நல்ல செடி.

முற்றத்துமல்லிகை | ஏப்ரல் 21

கோடைநிலா அக்காவின் பதிவைப் படித்ததிலிருந்து, விதையிலிருந்தே வளர்ப்பது என்று உறுதியாக இருக்கிறேன். இப்போது வேறொரு சிக்கல். பக்கத்து வீட்டு அம்மையார், மில்க்வீட் சட்டத்தால் தடைசெய்யப்பட்ட களை என்றும், பால் நஞ்சு என்றும், தம் பேரக்குழந்தைகள் வேலியோரம் விளையாடுவார்கள் என்றும் வருத்தத்தோடு சொன்னார். நல்லவர், அவருடன் வாக்குவாதம் செய்ய விரும்பவில்லை. உண்மை நிலை என்ன?

ஏரிக்கரை | ஏப்ரல் 22

அம்மையார் சொன்னது ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. ஒன்ராறியோவின் தீங்கு விளைக்கும் களைகள் பட்டியலில் மில்க்வீட் நெடுங்காலம் இருந்தது; கால்நடைகள் தின்றால் நஞ்சாகும் என்பதே காரணம். மொனார்க் குறைந்துவருவதைக் கருதி 2014 இல் அதனைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். அதே வேளையில் பட்டியலில் சேர்க்கப்பட்டது டாக்-ஸ்ட்ராங்லிங் வைன் என்னும் ஐரோப்பியக் கொடி. அதுவும் இதே குடும்பம்தான். மொனார்க் சில வேளைகளில் ஏமாந்து அதன் மேல் முட்டையிட்டுவிடும்; பொரிக்கும் புழு அதனைத் தின்று வளர முடியாமல் இறந்துவிடும். வேலியோரத்தில் சுற்றிப் படர்ந்து, சிறிய ஊதா கலந்த பழுப்புப் பூவும் மெலிந்த காயும் விடுகின்ற கொடியைக் கண்டால் காய் முற்றுவதற்கு முன்னரே அகற்றிவிடுங்கள். அம்மையாரிடமும் இதைச் சொல்லுங்கள். அவருடைய கவலையைத் திருப்ப வேண்டிய இடம் அதுதான்.

நஞ்சைப் பொறுத்தவரை அவர் எச்சரித்தது நியாயம். இலை கசக்கும் என்பதனால் குழந்தைகள் வாயில் வைத்தாலும் பெரும்பாலும் துப்பிவிடுவார்கள். ஆனால் பால் கண்ணில் பட்டால் கருவிழியைப் பாதித்துக் கடும் வலியும் மங்கலான பார்வையும் உண்டாகும். செடியைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்குவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். கையுறை அணியுங்கள், முடிந்ததும் கை கழுவுங்கள், வேலியிலிருந்து சற்றுத் தள்ளி நடுங்கள். பட்டுவிட்டால் நிறைய நீரால் கழுவி, தாமதியாமல் மருத்துவரைப் பாருங்கள்.

முற்றத்துமல்லிகை | மே 29

எழுதாமல் இருக்க முடியவில்லை. குளிர்சாதனப் பெட்டியில் இருந்த விதைகளை மே 18 அன்று எடுத்தபோது, அவற்றில் ஏழு தாளுக்குள்ளேயே வெள்ளை வேர் விட்டிருந்தன. எல்லாவற்றையும் சிறு தொட்டிகளில் இட்டேன். இன்று நாற்பதில் முப்பத்தொன்று இரட்டை இலையோடு நிற்கின்றன.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. பாத்தியை நான் தொடவே இல்லை. நேற்று மழை விட்ட பிறகு மகள்தான் முதலில் கண்டாள். சென்ற ஆண்டு நான் கயிறு பிடித்து விதை ஊன்றிய அதே நேர்கோட்டில், ஒரு விரற்கிடை உயரத்தில், வரிசையாகப் பதினெட்டு நாற்றுகள்! சிலவற்றின் தலையில் பழுப்பு விதைத்தோல் தொப்பிபோல இன்னமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காய்ந்துபோன செடியின் அடியிலிருந்தும், தடித்த ஊதா நிறக் குருத்து ஒன்று மண்ணைப் பிளந்துகொண்டு வந்திருக்கிறது. செத்துவிட்டதென்று நான் முடிவுகட்டியவை எல்லாம் இவை. அண்ணா எழுதியிராவிட்டால் ஏப்ரலில் கொத்தி, எருவிட்டு, வேறு ஏதாவது நட்டிருப்பேன்.

வேரடிமண் | மே 29

பதினெட்டு என்பது நல்ல எண்ணிக்கை. இன்னும் சில அடுத்த வசந்தத்தில்கூட வரலாம். எல்லா விதையும் ஒரே ஆண்டில் விழித்துக்கொள்வதில்லை. நாற்றுகளுக்கிடையே ஒன்றரை அடி இடைவெளி வருமாறு மாற்றி நடுவதானால் இப்போதே, வேர் ஆழமாவதற்கு முன், மண்ணோடு அகழ்ந்து எடுங்கள். விதையிலிருந்து வந்த சாதாரண வகை முதலாண்டில் பெரும்பாலும் பூக்காது. இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டும். இலையைத் தேடி வரும் மொனார்க் பூ வரும்வரை காத்திருக்காது என்பதனால் அதில் கவலைப்பட ஒன்றுமில்லை.

முற்றத்துமல்லிகை | ஜூலை 13

வந்துவிட்டது! காலை பத்து மணியளவில் ஒரு மொனார்க் பாத்தியின் மேல் தாழ்வாகப் பறந்து, ஒவ்வோர் இலையாக முன்காலால் தட்டிப் பார்த்து, வாலை வளைத்து இலையின் அடியில் ஒட்டிவிட்டு உடனே அடுத்த செடிக்குப் போனது. பழைய செடியில் நான்கு, இளநாற்றுகளில் ஐந்து என ஒன்பது முட்டைகள். ஒரு குண்டூசித் தலை அளவுகூட இருக்காது. பாலாடை நிறம், நுனி சற்றுக் கூம்பி, மேலிருந்து கீழாக நெருக்கமான வரைகள். மகளின் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது, யாரோ செதுக்கிவைத்தது போலிருந்தது.

கூடவே ஒரு தொல்லையும் வந்திருக்கிறது. தண்டின் நுனியில் மஞ்சள் நிறத்தில், கரிய கால்களோடு, பேன்போல நூற்றுக்கணக்கில் மொய்த்திருக்கின்றன. மருந்தடிக்க முடியாதே, என்ன செய்வது? இன்னொன்றும் கேட்க வேண்டும்: முட்டைகளை வீட்டுக்குள் எடுத்து வந்து பாதுகாப்பாக வளர்க்கலாமா?

ஏரிக்கரை | ஜூலை 13

அது அசுவினி, யாழ்ப்பாணத்துப் பக்கம் அழுக்கணவன் என்பார்கள். அரளி அசுவினி என்ற இந்த வகை, ஆண் இல்லாமலே பெண் பெண்ணாக ஈன்று பெருகுவதனால்தான் ஒரே வாரத்தில் தண்டை மூடிவிடுகிறது. முட்டையும் புழுவும் இல்லாத தண்டுகளில் நீரைப் பீய்ச்சி அடியுங்கள். முட்டையிருக்கும் இலைக்கு அருகில் கையுறை விரலால் நசுக்கி வழித்துவிடுங்கள். சோப்பு நீரும் வேப்பெண்ணெயும் புழுவையும் கொன்றுவிடும், வேண்டாம். கொஞ்சம் அசுவினி இருப்பதனால் செடி சாகாது.

ஓரிலை | ஜூலை 14

அக்கா, தயங்காமல் உள்ளே எடுத்துவிடுங்கள். வெளியில் விட்டால் எறும்பு, சிலந்தி, குளவி, புழுவின் மேல் முட்டையிடும் டக்கினிட் ஈ என எல்லாம் சேர்ந்து அழித்துவிடும். நூறு முட்டைகளில் பத்துகூட வண்ணத்துப்பூச்சியாவதில்லை என்பது எல்லோரும் சொல்லும் கணக்கு. நான் சென்ற ஆண்டு வலைக்கூண்டில் அறுபத்திரண்டு வளர்த்துப் பறக்கவிட்டேன். கண்முன் சாவதைப் பார்த்துக்கொண்டு கைகட்டி நிற்க என்னால் முடியவில்லை.

வேரடிமண் | ஜூலை 14

தம்பியின் மனது எனக்குப் புரிகிறது. ஐந்தாறு ஆண்டு நானும் கூண்டு வைத்திருந்தவன்தான். அதை நான் ஏன் நிறுத்தினேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஒரு கூண்டில் பல புழுக்களை நெருக்கி வளர்க்கும்போது, நான் முன்னர் சொன்ன ஒட்டுண்ணியின் வித்து ஒரேயொரு வண்ணத்துப்பூச்சியின் வயிற்றுச் செதிலிலிருந்து உதிர்ந்தாலும் போதும், அத்தனைக்கும் தொற்றிவிடும். நான்காம் ஆண்டில் என் கூண்டில் அது நடந்தது. கூட்டின் தோலை உடைத்துக்கொண்டு பாதி வெளிவந்து, மீதி வர முடியாமல் தொங்கியவற்றை எண்ணி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டாவது, திசையுணர்வு. வணிகத்துக்காகத் தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் வளர்க்கப்பட்டவையும், வீட்டுக்குள் வளர்ந்தவையும் இலையுதிர் காலத்தில் தெற்கு நோக்கும் உணர்வை இழந்திருந்ததாக 2019 இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நேர்மையாகச் சொல்வதானால் இதற்கு மறுபக்கமும் உண்டு: குவெல்ஃப் பல்கலைக்கழகத்தார் 2021 இல் வெளியிட்ட ஆய்வில், அடைத்து வளர்த்தவை வெளியில் விடப்பட்டுச் சில நாள் வெயிலில் பறந்த பிறகு பெரும்பாலும் சரியான திசையைப் பிடித்துக்கொண்டன. எனவே ஒன்றிரண்டை ஒரு குழந்தை பார்த்துக் கற்பதற்காக, சுத்தமான பெட்டியில், தனித்தனியே வளர்ப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். அறுபது வேண்டாம். தவிர, மொனார்க் இங்கே சட்டப் பாதுகாப்புப் பெற்ற இனம். கனடாவின் அருகிவரும் உயிரினச் சட்டத்தின் கீழ் 2023 டிசம்பரில் ஆபத்துக்குள்ளான இனமாகவே பட்டியலிடப்பட்டது. பிடித்து வளர்ப்பதற்கு முன் மாகாண விதிகளைப் படித்துக்கொள்ளுங்கள்.

ஒரு பெண் மொனார்க் நூற்றுக்கணக்கில் முட்டையிடுவதே பெரும்பாலானவை பிழைக்காது என்பதனால்தான். குறைந்துபோயிருப்பது முட்டைகள் அல்ல, அவற்றை இடுவதற்கான செடி. 1990களின் நடுப்பகுதிக்குப் பிறகு, களைகொல்லியைத் தாங்கும் சோளமும் சோயாவும் பரவியபோது, வயல்களுக்குள் நின்ற மில்க்வீட் பெரும்பாலும் ஒழிந்துபோனது. தங்கச்சியின் வீட்டில் இப்போது நாற்பத்தெட்டுச் செடிகளுக்கு மேல் இருக்கின்றன. என் கணக்கில், அறுபது பூச்சிகளைப் பறக்கவிடுவதைவிட அது பெரிது.

ஓரிலை | ஜூலை 15

ஐயா சொன்ன ஒட்டுண்ணிச் செய்தி என்னை யோசிக்க வைத்துவிட்டது. சென்ற ஆண்டு சிறகு சுருண்டு வந்தவை என் கூண்டிலும் ஆறோ ஏழோ இருந்தன; ஈரப்பதம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இந்த ஆண்டு கூண்டைப் பிரிக்கிறேன். ஆனாலும் இலையில் சிலந்தி உட்கார்ந்திருந்தால் அதை வேறிடத்தில் கொண்டுபோய் விடாமல் இருக்க மாட்டேன்.

முற்றத்துமல்லிகை | ஆகஸ்ட் 2

ஒன்பதில் இப்போது மூன்று இருக்கின்றன. முதல் வாரத்தில் ஆறு காணாமற்போனபோது மகள் அழுதாள். நானும் தேற்ற முடியாமல் நின்றேன். எஞ்சிய மூன்றும் சுண்டுவிரல் நீளம் வளர்ந்துவிட்டன.

ஒன்றை மட்டும் எழுத வேண்டும். பெரிய புழு இலையைத் தின்னத் தொடங்கும் முன், இலைக்காம்பில் ஓரிடத்தைக் கால்மணி நேரம் மென்று குதறியது. பால் துளிர்த்து வழிந்தது. தலையை ஒதுக்கிக்கொண்டு, வழிந்து நின்றதும் மறுபடி குதறியது. காம்பு பாதி அறுந்து இலை துவண்டு தொங்கிய பிறகு, நுனியிலிருந்து நிதானமாகத் தின்ன ஆரம்பித்தது. அதன் பிறகு கடித்த இடத்தில் பாலே வரவில்லை.

வேரடிமண் | ஆகஸ்ட் 2

நீங்கள் கண்டது மிக அழகான ஒரு நுட்பம். பால் செல்லும் குழாயை மேலேயே துண்டித்துவிட்டால், கீழுள்ள இலையில் அழுத்தம் இறங்கிவிடும். முட்டையிலிருந்து புதிதாக வந்த புழுவால் காம்பை அறுக்க முடியாது. அது இலையின் அடியில் வளையம்போலக் கடித்து, அந்த வட்டத்துக்குள் மட்டும் தின்னும். அப்படிச் செய்தும் பாலில் வாய் ஒட்டிச் சாகின்றவை பல. நீங்கள் இழந்த ஆறில் சில அப்படிப் போயிருக்கலாம். எல்லாவற்றுக்கும் பகைவர் காரணமல்ல.

முற்றத்துமல்லிகை | செப்டம்பர் 1

மூன்றில் இரண்டு எங்கே கூடு கட்டின என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. மூன்றாவது, பாத்தியிலிருந்து பதினைந்தடி நடந்து போய்ப் படிக்கட்டின் கைப்பிடிக்கு அடியில் தொங்கியது. பச்சைக் கல்லில் பொன் புள்ளி வைத்தது போன்ற கூடு. பதின்மூன்றாம் நாள் இரவு கண்ணாடிபோலத் தெளிந்து உள்ளே ஆரஞ்சுச் சிறகு தெரிந்தது. இன்று காலை எட்டரை மணிக்கு வெளியே வந்தது. பின்சிறகில் நரம்பின் மேல் ஒரு கரும்புள்ளி இருந்ததனால் ஆண் என்று மகள் சொன்னாள். நண்பகலில் பறந்துவிட்டது. இது மெக்சிகோவுக்குப் போகுமா?

ஏரிக்கரை | செப்டம்பர் 2

போவதற்கே பிறந்தது. ஜூன், ஜூலையில் பிறப்பவை இரண்டு முதல் ஐந்து வாரம் வாழ்ந்து முட்டையிட்டு முடிந்துவிடும்; ஆகஸ்ட் கடைசியில் வருபவை இனப்பெருக்கத்தைத் தள்ளிவைத்து, எட்டு மாதம்வரை உயிர்வாழும். செப்டம்பரில் பொயின்ற் பீலீ தேசியப் பூங்காவின் முனையில், ஈரி ஏரியைக் கடக்க நல்ல காற்றுக்காக மரக்கிளைகளில் கொத்துக்கொத்தாகக் காத்திருக்கும். நேரம் கிடைத்தால் மகளை அழைத்துச் செல்லுங்கள்.

அவை போய்ச் சேரும் இடத்தை உலகுக்குச் சொன்னவர் நம்மூர்ப் பேராசிரியர் என்பது பலருக்குத் தெரியாது. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாகத்தில் விலங்கியல் கற்பித்த ஃபிரெட் உர்க்குவார்ட்டும் அவர் மனைவி நோராவும் பல பத்தாண்டுகளாகச் சிறகில் சிறு வில்லை ஒட்டி அனுப்பி, எங்கே கண்டெடுக்கப்படுகின்றன என்று தொடர்ந்தார்கள். அவர்களுக்காகத் தேடிய கென் புரூகரும் கத்தாலினா அகுவாதோவும் 1975 ஜனவரி 2 அன்று மிச்சோவகான் மாநிலத்து மலைக்காட்டில் அந்தக் கூட்டத்தைக் கண்டார்கள். அங்கே ஊசியிலை மரங்களில் அவை அடைந்திருக்கும் பரப்பைத்தான் ஒவ்வோர் ஆண்டும் அளக்கிறார்கள்: 1996–97 குளிர்காலத்தில் 18.19 ஹெக்டேர், 2013–14 இல் வெறும் 0.67, 2024–25 இல் 1.79. இந்த எண்களைப் பார்த்த பிறகுதான் நான் புல்தரையின் பாதியைக் கொத்தினேன்.

செடியில் இனி முட்டை குறையும்; பயணத்துக்குத் தேன் வேண்டும். இக்காலத்தில் பூக்கும் கோல்டன்ராட், நியூ இங்கிலாந்து ஆஸ்டர் என்னும் செடிகளை வேலியோரத்தில் விட்டுவையுங்கள். கோல்டன்ராடினால் தும்மல் வருகிறது என்பது பழி. அதே காலத்தில் பூக்கும் ராக்வீட் என்னும் களையின் மகரந்தம்தான் காற்றில் பறந்து தொல்லை தருகிறது.

கோடைநிலா | அக்டோபர் 5

என் சாதாரண மில்க்வீட் தோப்பு நான்காம் ஆண்டில் இருக்கிறது. ஒரே செடியிலிருந்து பரவியது. ஜூலையில் தெருவெல்லாம் மணக்கும்படி பூத்தும் இரண்டே இரண்டு காய்தான் வந்திருக்கிறது. விதை சேர்த்துத் தங்கச்சிக்கும் தர நினைத்திருந்தேன். என்ன குறை?

வேரடிமண் | அக்டோபர் 5

ஒரே செடியிலிருந்து பரவியது என்று நீங்கள் சொன்னதிலேயே விடை இருக்கிறது. வெளியே நூறு தண்டு நின்றாலும் நிலத்துக்குள் அது ஒரே செடி. தன் மகரந்தத்தால் தானே காய்ப்பது இவ்வகையில் மிக அரிது. இதன் மகரந்தம் தூளாக உதிர்வதுமில்லை. இரண்டு மஞ்சள் திரள்கள் ஒரு கொக்கியில் இணைந்து, பூவின் பிளவுக்குள் வழுக்கி விழும் பூச்சியின் காலில் மாட்டிக்கொள்ளும். அந்தக் கால் வேறொரு செடியின் பூவில் அதே பிளவில் நுழைந்தால்தான் காய். வேறிடத்து விதையிலிருந்து வந்த நான்கைந்து செடிகளை அருகில் வையுங்கள். தங்கச்சியிடம் பதினெட்டு இருக்கிறதே.

இருக்கும் இரண்டு காயையும் விடாதீர்கள். காயின் பொருத்தில் விரலால் மெல்ல அழுத்தும்போது தானாகப் பிளந்தால் முற்றிவிட்டது. உள்ளே விதை வெளுத்திருந்தால் முற்றவில்லை, பழுப்பாக இருக்க வேண்டும். மீன்செதில் அடுக்கியதுபோல விதைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். பஞ்சு விரிவதற்கு முன், நடுவிலுள்ள பட்டுக் கற்றையின் நுனியை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, மறுகைப் பெருவிரலால் விதைகளை அடியிலிருந்து தள்ளினால் அத்தனையும் பஞ்சில்லாமல் உதிர்ந்துவிடும். இரண்டாம் உலகப் போரில் ஜாவாவிலிருந்து இலவம்பஞ்சு வருவது நின்றபோது, இந்தப் பஞ்சைத்தான் உயிர்காப்பு அங்கிகளில் அடைத்தார்கள். அதற்காகப் பள்ளிப் பிள்ளைகள் சாலையோரங்களில் காய் பொறுக்கினார்கள்.

விதையைச் சில நாள் நிழலில் காயவைத்துக் கடதாசி உறையில் இடுங்கள்.

முற்றத்துமல்லிகை | நவம்பர் 16

கோடைநிலா அக்கா கொடுத்த உறையில் முந்நூறுக்கு மேல் விதைகள் இருந்தன. பதிலுக்கு என் பாத்தியிலிருந்து நான்கு இளஞ்செடிகளை வேர்மண்ணோடு கொடுத்திருக்கிறேன். இம்முறை தாளும் இல்லை, பையும் இல்லை. நேற்று வேலியின் உட்புறத்தில் புல்லைச் செதுக்கி, மண்ணை லேசாகக் கீறி, விதையைத் தூவி, காலால் மிதித்து அமர்த்திவிட்டோம். மேலே உதிர்ந்த இலைகளை மெல்லியதாகப் பரப்பினோம். பக்கத்து வீட்டு அம்மையார் ஒரு கைப்பிடி விதை கேட்டு வாங்கிக்கொண்டு, எந்த மாதம் முளைக்கும் என்று கேட்டார். மே கடைசி என்றும், அதுவரை கொத்த வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.